டோவர் ஊரார் கேட்ட துறைமுகம்: ராணிப்பேட்டையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய வடஆர்க்காடு மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. ஆனாலும் சென்னையில் துறைமுகக் கேட் ஒரு நாள் அடைத்துக்கிடந்தால் ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் வயிற்றைக் கலக்கும். ஷூ அப்பரும் பதனிட்ட தோலும் ஏற்றிய கன்டெய்னர்கள் இங்கிருந்து சாயங்காலம் சீல் வைத்துக் கிளம்புகின்றன. கப்பல் ஏறும்வரை அது எங்கள் கவலைதான். பதினெட்டு வருஷமாக நான் பார்ப்பது இந்த ஏற்றுமதிக் காகித வேலை. ஷிப்பிங் பில், பேக்கிங் லிஸ்ட், சீல் நம்பர், கப்பலுக்குப் பெட்டி வந்து சேர வேண்டிய கடைசி நேரமான கட்-ஆஃப் என்றே பொழுது போகும்.

என் மாமனார் காவேரிப்பாக்கம் பக்கத்து விவசாயி. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது பேப்பரில் துறைமுகங்களைத் தனியாரிடம் விடுவது பற்றிய செய்தியைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "கவர்மென்ட்டால முடியலன்னா தனியாருக்குத்தான் குடுக்கணுமா மாப்ள? ஜனங்களே சேர்ந்து வாங்கி நடத்தக்கூடாதா?"

"ஒரு ஊர்ல அப்படிக் கேட்டாங்க மாமா, இங்கிலாந்துல" என்றேன்.

"குடுத்தாங்களா?"

இரண்டு வார்த்தையில் சொல்ல முடியாத பதில் அது. அவருக்குச் சொன்னதையும், சொல்லும்போது நம் பக்கத்திலிருந்தே ஞாபகம் வந்தவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

டோவரில் நடந்தது

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது டோவர். கடலைத் தாண்டி 33 கிலோமீட்டரில் பிரான்ஸ். ஐரோப்பாவுக்கு லாரியோடு லாரியாகப் படகில் ஏற்றிக் கொண்டுபோகும் ஃபெர்ரித் துறைமுகம் அது. ஆண்டுக்கு இருபது லட்சம் லாரி அளவில் கடக்கும். துறைமுகம் இவ்வளவு பெரியது, ஊரோ சின்னது. கடைத்தெருவில் மூடிய கடைகள், வேலைக்கு வெளியூர் போகும் பிள்ளைகள். லாரிகள் ஊரை உரசிக்கொண்டு போகும். அவை கொண்டுவரும் பணம் ஊரில் அதிகம் தங்காது.

துறைமுகத்தை நடத்துவது டோவர் துறைமுக வாரியம். 1606-ல் முதலாம் ஜேம்ஸ் மன்னரின் சாசனத்தால் உண்டானது. இதை 'டிரஸ்ட் போர்ட்' என்பார்கள். நமக்கு இந்தச் சொல் புதிதல்ல. சென்னைத் துறைமுகத்தை நம் பெரியவர்கள் இன்னும் 'போர்ட் டிரஸ்ட்' என்றுதான் சொல்கிறார்கள். டோவர் மாதிரி டிரஸ்ட் துறைமுகத்துக்குப் பங்குதாரர் கிடையாது, முதலாளி கிடையாது. வரும் லாபம் துறைமுகத்துக்கே திரும்பப் போக வேண்டும். ஆனால் 'இது யாருடையது?' என்று கேட்டால் தெளிவான பதில் இல்லை. சண்டை ஆரம்பித்தது அங்கேதான்.

அரசுச் சொத்துகளைத் தனியாருக்கு விற்றுப் பேர்பெற்ற பிரதமர் மார்கரெட் தாட்சர் பதவி இறங்கிய மறு வருஷம், 1991-ல், பிரிட்டன் ஒரு துறைமுகச் சட்டம் கொண்டுவந்தது. டிரஸ்ட் துறைமுகம் விரும்பினால் தன்னையே கம்பெனியாக மாற்றி விற்றுக்கொள்ளலாம். விற்ற தொகையில் கணிசமான பங்கு அரசுக் கருவூலத்துக்குப் போகும். அடுத்த சில வருஷங்களில் டீஸ், கிளைட், ஃபோர்த், மெட்வே, டில்பரி என்று வரிசையாகத் துறைமுகங்கள் கைமாறின. டோவர் அப்போது தப்பியது. 2010 ஜனவரியில் டோவர் வாரியமே விற்பனைக்கு அனுமதி கேட்டு அரசிடம் விண்ணப்பம் போட்டது.

வாரியத்தின் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். லாரி நெரிசல் கூடிக்கொண்டே போனது. மேற்குத் துறையில் புது முனையம் கட்டப் பெரும் பணம் தேவைப்பட்டது. டிரஸ்ட் துறைமுகம் வாங்கும் கடன் அரசுக் கடன் கணக்கில் சேரும் என்பதால் கைகட்டிய நிலை. தனியார் கம்பெனியானால் சந்தையில் கடன் வாங்கலாம், வேகமாகக் கட்டலாம் என்றார்கள். பணத் தேவை நிஜமானது. அதைத் தீர்க்கத் துறைமுகத்தையே விற்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

ஊரில் கொதிப்பு கிளம்பியது. எதிர்க்கரையில் இருக்கும் பிரெஞ்சுக்காரர் வாங்கிவிடுவார்கள் என்ற பேச்சும் அதற்கு எண்ணெய் ஊற்றியது. ஃபெர்ரிக் கம்பெனிகளும் எதிர்த்தன. வாங்குகிறவர் போட்ட பணத்தைக் கட்டணத்தில்தான் எடுப்பார் என்பது அவர்கள் கணக்கு. எதிர்ப்பு வெறும் 'கூடாது' என்பதோடு நிற்கவில்லை, அதுதான் டோவரின் தனித்தன்மை. 'டோவர் மக்கள் துறைமுக அறக்கட்டளை' என்று ஒன்றை ஊரார் 2010-ல் அமைத்தார்கள். துறைமுகம் விற்பனைக்கு என்றால் நாங்களே வாங்குகிறோம் என்றார்கள். துறைமுகத்தின் எதிர்கால வருமானத்தைக் காட்டிக் கடன் திரட்டுவது, உறுப்பினராகச் சேரும் ஊரார் ஆளுக்கு ஒரு ஓட்டோடு அதை வைத்திருப்பது, பிறகு யாருக்கும் விற்க முடியாதபடி பூட்டுப் போடுவது என்பது திட்டம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டன் முழுக்கக் கேட்ட குரலுக்குரிய பாடகி வேரா லின், தொண்ணூறு வயதைத் தாண்டிய நிலையில் ஆதரவுக்கு வந்தார். உள்ளூர் கன்சர்வேடிவ் எம்.பி.யும் வந்தார். தாட்சர் கட்சிக்காரர் ஒருவர், தாட்சர் பாணி விற்பனையை எதிர்த்து ஊர் உடைமைக்காக நின்றது சாதாரண விஷயமில்லை.

2011 மார்ச்சில் ஊரில் வாக்கெடுப்பு நடந்தது. யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாத வாக்கெடுப்பு. தனியார் விற்பனையை எதிர்த்து, துறைமுகம் ஊருக்கே வர வேண்டும் என்று போட்டவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேல். வாக்குரிமை உள்ளவர்களில் நாலில் ஒருவர் அளவில்தான் வந்து போட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத் தேர்தலைப் பார்த்தவர்களுக்கு அந்த அளவு குறைவாகத் தெரியாது. ஆனால் 'ஊரே சொல்லிவிட்டது' என்று எழுதினால் அது முழு உண்மை ஆகாது.

அந்த வருஷமே அரசு விதிகளைத் திருத்தியது. டிரஸ்ட் துறைமுகம் விற்கப்பட வேண்டுமானால் அதில் ஊராருக்குக் கணிசமான, நிலைத்த பங்கு இருக்க வேண்டும் என்றது. 2012 டிசம்பரில் துறைமுகங்களுக்கான அமைச்சர் வாரியத்தின் விண்ணப்பத்தை நிராகரித்தார்.

"அப்போ ஊர் ஜெயிச்சிடுச்சு" என்றார் மாமா.

அங்கேதான் கதை திரும்புகிறது. விற்பனை நின்றது, ஆனால் ஊரார் வாங்கவும் இல்லை. டோவர் இன்றைக்கும் பழையபடி டிரஸ்ட் துறைமுகம்தான். ஊருக்குக் கிடைத்தது வேறு: நிர்வாகக் குழுவில் சமூக இயக்குநர்கள் என்று இடம், வாரியம் ஊரோடு உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு மன்றம், ஊர்க் காரியங்களுக்கு ஒரு நிதி. பத்திரம் கைக்கு வரவில்லை, நாற்காலி வந்தது. அப்புறம் இன்னொன்று. விற்றால்தான் முடியும் என்று சொன்ன மேற்குத் துறைப் பணியை விற்காமலே செய்தார்கள். சுமார் 25 கோடி பவுண்டு செலவில் புதுச் சரக்கு முனையம் எழுந்தது. தனியார்மயத்துக்குச் சொல்லப்படும் காரணங்களில் 'பணம் இல்லை' என்பதை நான் இப்போதெல்லாம் இரண்டு முறை கேட்டுப் பார்ப்பது டோவரால்தான்.

மெட்வே: ஒரு பங்கு இரண்டரை பவுண்டு

டோவர்க்காரர்கள் பூட்டுப் பூட்டு என்று ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னார்கள்? பக்கத்திலேயே மெட்வே இருந்தது. டோவர் மாதிரியே கென்ட் மாவட்டத்துத் துறைமுகம். 1992-ல் விற்கப்பட்டபோது வாங்கியது வெளியார் இல்லை. நிர்வாகிகளும் தொழிலாளர்களும் சேர்ந்த ஒரு குழு. சுமார் 3 கோடி பவுண்டு விலை. வேலை செய்கிறவர்களே முதலாளிகள். கேட்கவே நன்றாக இருக்கிறது, இல்லையா?

சில மாதங்களில் வேலை நிபந்தனைகளை மாற்றினார்கள். ஒப்புக்கொள்ளாத துறைமுகத் தொழிலாளர்கள் வேலையிலிருந்து தூக்கப்பட்டார்கள். கம்பெனி விதிப்படி, வேலையை விட்டுப் போகிறவர் தன் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒரு பங்குக்கு இரண்டரை பவுண்டு என்று விலை வைத்து வாங்கிக்கொண்டார்கள். அதன்பின் 1993-ல் லிவர்பூலின் மெர்சி டாக்ஸ் கம்பெனி மெட்வேயை 10 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கியது. பங்கு ஒன்றுக்கு 37 பவுண்டுக்கு மேல். பங்கைக் கையில் வைத்திருந்த நிர்வாகிகள் பெரும் பணக்காரர்கள் ஆனார்கள். கப்பலில் சரக்கு இறக்கியவர்கள் வேலையும் இல்லாமல் பங்கும் இல்லாமல் வெளியே நின்றார்கள்.

இந்தக் கணக்கை நான் மாமாவுக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். இரண்டரைக்குக் கீழே முப்பத்தேழு. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தார்.

கவருக்குள் ஒரு கூட்டுறவு சர்க்கரை ஆலையின் பங்குப் பத்திரம். மடித்த இடம் கிழிந்து செலோடேப் ஒட்டியிருந்தது. ஓரத்தில் ரப்பர் ஸ்டாம்ப், மங்கிப்போன ஊதா மை. அவர் அப்பா பெயரில் வாங்கியது. "நானும் ஓனர்தான் மாப்ள" என்றார். "வெட்டு உத்தரவுக்கு நடையா நடந்திருக்கேன். கரும்பு வயல்லயே காய்ஞ்சு எடை போயிருக்கு. பாக்கிப் பணத்துக்கு வருஷக்கணக்கா நின்னிருக்கேன். ஓனர்னு யாரும் சேர் போடல."

சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கூட்டுறவு என்பது ஆளுக்கு ஒரு ஓட்டு. ஏட்டில் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் தேர்தல் நடக்காமல் அரசு வைக்கும் தனி அலுவலரே வருஷக்கணக்கில் நிர்வாகம் பண்ணினால் அந்த ஓட்டு எங்கே போகும்? நடந்தாலும், போட்டியே இல்லாமல் ஆளுங்கட்சிக்காரர் வந்து உட்கார்ந்தால்? மெட்வேயில் பங்கைப் பிடுங்கினார்கள். இங்கே பிடுங்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பங்கு பெட்டியில் பத்திரமாக இருந்தது.

சுத்திகரிப்பு நிலையம் யாருடையது

'சமூக உடைமை' என்று பேச வேறு ஊருக்குப் போக வேண்டியதில்லை. ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு என்று தோல் தொழில் நடக்கும் இடங்களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் அவற்றை நடத்துவது அந்தந்தப் பகுதித் தோல் ஆலைகள் பங்கு போட்டு உண்டாக்கிய கம்பெனிகள்தான். அரசும் மானியம் கொடுத்தது. ஒவ்வொரு ஆலையும் தன் கழிவுநீரைக் குழாய் வழியே அனுப்பும், அளவுக்குத் தக்க கட்டணம் கட்டும். சின்ன ஆலை தனியாக ஒரு நிலையம் கட்ட முடியாது. சேர்ந்தால் முடியும். பகிர்ந்த உடைமைக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

இவை தானாக வளர்ந்துவிடவில்லை. 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுசோ பயிருக்கு லாயக்கில்லாமல் போனதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்கிறது. கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியாக வேர்விட்டது இந்த வழக்கால்தான். சட்டம் படிக்கிற பிள்ளைகள் நாடு முழுக்க 'வேலூர் வழக்கு' என்றே படிக்கிறார்கள். ஆலைகள் ஒன்று சேர்ந்து சுத்திகரிக்க வேண்டும், இல்லையேல் மூட வேண்டும் என்ற நெருக்கடி பெருமளவு அந்த வழக்கு தந்தது.

சரி, இது சமூக உடைமையா? ஆலை முதலாளிகளைச் சமூகம் என்று எடுத்துக்கொண்டால், ஆமாம். ஆனால் பாலாற்றங்கரையில் கிணற்று நீர் உப்பாகிப்போன விவசாயி அதில் உறுப்பினர் இல்லை. நிலையத்தில் வேலை செய்கிறவரும் இல்லை.

2015 ஜனவரி கடைசியில், ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில், கழிவுச் சேறு தேக்கியிருந்த தொட்டியின் சுவர் இரவில் உடைந்தது. பக்கத்து ஆலையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். விடிந்தபோது அந்தத் தெருக்களில் நின்ற நாற்றமும் அமைதியும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்தத் தொட்டி எவ்வளவு நிரம்பியிருக்கிறது, சுவர் தாங்குமா என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு எந்தக் காகிதத்திலும் இருக்கவில்லை. தொட்டிக்கு மிக அருகில் படுத்தவர்கள் அவர்கள்தான்.

இதை எழுதுவது தோல் தொழிலைக் குறைசொல்ல இல்லை. அந்தத் தொழிலில்தான் என் வீடு நடக்கிறது. 'ஊரார் உடைமை' என்ற சொல்லைக் கேட்டதும் நான் முதலில் உறுப்பினர் பட்டியலைக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

டோவரிலும் அதே கேள்வி 2022-ல் வந்தது. மார்ச் 17 அன்று பி அண்ட் ஓ ஃபெர்ரீஸ் சுமார் 800 கப்பல் ஊழியர்களை ஒரே நாளில், வீடியோவில் சொல்லி வேலையிலிருந்து நீக்கியது. டோவர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். துறைமுகம் யாருக்கும் விற்கப்படாமல் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே வந்து போகும் கப்பலும் அதில் வேலை செய்பவரும் அந்த ஏற்பாட்டுக்குள் இல்லை. பி அண்ட் ஓ-வின் உரிமையாளர் துபாயின் டி.பி. வேர்ல்ட். சென்னைத் துறைமுகத்தின் முதல் கன்டெய்னர் முனையத்தை நடத்துவதும் அதே குழுமம். 33 கிலோமீட்டர் கடலைக் கடக்கும் படகும், பாலாற்றங்கரையில் சீல் வைத்த பெட்டியும் ஒரே முதலாளியின் கணக்கில் வந்து சேர்வதை அன்றைக்குத்தான் நான் கவனித்தேன்.

பங்கு வாங்கினால் போதுமா என்பதற்குக் கொச்சி விமான நிலையம் இன்னொரு விதமான பதில். 1999-ல் திறந்த அந்த நிலையத்தில் கேரள அரசோடு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தனி மனிதர்கள், பலர் வளைகுடாவில் உழைத்தவர்கள், பணம் போட்டார்கள். நிலையம் நன்றாக நடக்கிறது, ஈவுத்தொகையும் வருகிறது. மரியாதைக்குரிய சாதனைதான். ஆனால் அது கம்பெனி; பங்குக்குத் தக்க ஓட்டு. நூறு பங்கு வைத்தவரும் லட்சம் பங்கு வைத்தவரும் ஒன்றாக மாட்டார்கள். டோவர்க்காரர்கள் கேட்டது இதுவல்ல.

நம் துறைமுகத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்

சென்னைத் துறைமுகம் விற்கப்படவில்லை, விற்கப்படப் போவதாகவும் நான் சொல்லவில்லை. நடந்தது வேறு விதம். நிலமும் கரையும் அரசிடம், முனையங்கள் தனியாரிடம். 2001-ல் முதல் கன்டெய்னர் முனையம் 30 வருஷக் குத்தகைக்குப் போனது. 2009-ல் இரண்டாவது முனையம் சிங்கப்பூரின் பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் கையில் இயங்கத் தொடங்கியது. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் மத்திய அரசுக்கு இருந்த மூன்றில் இரண்டு பங்கை 2020-ல் சென்னைத் துறைமுகமே 2,383 கோடி ரூபாய் கொடுத்து வாங்கியது. ஒரு பொதுத் துறைமுகம் சேர்த்த பணம் இன்னொரு பொதுத் துறைமுகத்தின் பேரில் டெல்லிக்குப் போனது. தொழிலாளர் சங்கங்கள் அப்போது கேட்ட கேள்விகள் எங்கள் பக்கம் வந்து சேரவே இல்லை. காட்டுப்பள்ளித் துறைமுகம் எல் அண்ட் டி-யிடமிருந்து 2018-ல் அதானி குழுமத்துக்குப் போனது. அதன் விரிவாக்கத்தைப் பழவேற்காடு மீனவர்கள் எதிர்த்து வருகிறார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது 2021-ன் பெருந்துறைமுக அதிகாரச் சட்டம். அதற்கு முன்பிருந்த 1963 சட்டத்தின்படி டிரஸ்ட்டிகளில் துறைமுகத் தொழிலாளரின் பிரதிநிதிகள் இருந்தார்கள். கப்பல் உரிமையாளர், சரக்கு அனுப்புவோர் போன்றவர்களின் பிரதிநிதிகளையும் சேர்க்க இடமிருந்தது. புதுச் சட்டத்தில் குழு சின்னதானது. மாநில அரசு, ரயில்வே, பாதுகாப்பு, சுங்கம் என்று அதிகாரிகள், ஊழியர் நலனுக்கு இரண்டு பேர், மற்றபடி 'சுயேச்சை உறுப்பினர்கள்'. கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரமும் இந்தக் குழுவுக்கு வந்துவிட்டது. மீனவருக்கென்று நாற்காலி இல்லை. டிரெய்லர் ஓட்டுநருக்கு இல்லை. சரக்கு அனுப்பும் எங்கள் மாதிரி உள்மாவட்டத்துக்கும் தனியாக இல்லை. டோவரில் ஊரார் போராடி ஒரு நாற்காலி வாங்கிய அதே பத்தாண்டுகளில், இங்கே இருந்த நாற்காலிகளை எடுத்துவிட்டார்கள்.

நாற்காலி இல்லாததன் விலை என்ன என்று எனக்கு ஒரு ராத்திரியில் தெரிந்தது. எந்த முனையம் என்பது இங்கே வேண்டாம். எங்கள் கன்டெய்னர் கேட்டுக்கு முந்தின வரிசையில் இரண்டு ராத்திரி நின்றது. ஓட்டுநர் ஆற்காட்டுக்காரர், என்னைவிடப் பெரியவர். போன் பண்ணினால் "நகரல தம்பி" என்பார், வண்டியின் ஹாரன்களுக்கு நடுவே. சாலையோரத்தில் சின்ன கேஸ் அடுப்பு வைத்துச் சோறு வடித்திருக்கிறார். பக்கத்து வண்டிக்காரர் ரசம் கொடுத்தார். குளிக்க இடமில்லை. கட்-ஆஃப் தாண்டியது, கப்பல் போய்விட்டது. வாங்குபவர் விமானத்தில் அனுப்பச் சொன்னார். அந்தச் செலவு எங்கள் ஆலையின் தலையில் விழுந்தது. அந்த மாதம் தையல் பிரிவில் ஓவர்டைம் இல்லை. வரிசை ஏன் நின்றது என்று கேட்டு நான் எழுதிய கடிதத்துக்கு, உங்கள் கடிதம் கிடைத்தது என்று ஒரு பதில் வந்தது. அவ்வளவுதான்.

ஏரி மீன்

மாமா ஊரில் ஒரு சின்ன ஏரி இருக்கிறது. காவேரிப்பாக்கம் ஏரியோடு ஒப்பிட்டால் குட்டை என்று சொல்லலாம். அது யாருடையது என்று கேட்டால் ஊரில் சிரிப்பார்கள். விற்கவோ வாங்கவோ முடியாத பொருளுக்கு ஓனர் எதற்கு? ஆனால் ஆயக்கட்டில் யாருக்கு எந்த முறை, மதகை யார் திறப்பது என்பதெல்லாம் துல்லியம். தண்ணீர் வற்றும் சமயத்தில் மீன்பாசி ஏலம் விடுவார்கள். எடுத்தவர் மீன் பிடித்து விற்றுக்கொள்வார், ஏலப் பணம் ஊர்ப் பொதுவுக்கு.

ஒரு வருஷம் அந்தக் கணக்குப் படிப்பதைக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து கேட்டேன். ஒருவர் நோட்டைப் பிரித்து ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்தார். மைக் செட் இவ்வளவு, பூமாலை இவ்வளவு, மதகுக்குச் சிமெண்ட் ஐந்து மூட்டை. பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்து, "மதகுக்கு மூணு மூட்டதான் வந்துது, நான்தான் எண்ணி இறக்குனேன்" என்றார். சலசலப்பு. நோட்டைப் படித்தவர் முகம் சுருங்கியது. மீதி இரண்டு மூட்டை எங்கே என்று தெரியும்வரை திருவிழாப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த அம்மாவிடம் பங்குப் பத்திரம் இல்லை. ஆனால் மண்டபத்தில் உட்கார இடம் இருந்தது, கணக்கு காதில் விழுந்தது, எழுந்து சொன்னால் கேட்டார்கள். அந்த மண்டபத்தைச் சொர்க்கமாக்கியும் எழுத மாட்டேன். எங்கள் பக்கத்து ஏரிகளில் காலனி மக்களுக்கு ஏலம் கேட்கும் உரிமையையே மறுத்த ஊர்கள் உண்டு, அதற்காக நடந்த சண்டைகள் உண்டு. அங்கேயும் கடைசியில் வந்து நிற்பது பட்டியல்தான். யார் பேர் இருக்கிறது, யார் பேர் இல்லை.

2031

துறைமுகத்தை ஊரார் வாங்க முடியுமா என்ற மாமாவின் கேள்விக்கு என் பதில், சென்னை அளவில் முடியாது, வேண்டியதும் இல்லை என்பது. நிலம் ஏற்கெனவே பொதுச் சொத்து. அதை வாங்கப் பல ஆயிரம் கோடி கடன் பட்டால், அந்த வட்டியும் கடைசியில் எங்கள் கன்டெய்னரின் மேல்தான் ஏறும். டோவர்க்காரர்கள் போட்ட கடன் திட்டத்தில் எனக்கு உறுத்திய இடமும் அதுதான். ஊருக்குத் துறைமுகம் கிடைத்திருந்தால் முதல் பல வருஷம் கடன் கொடுத்தவருக்கு உழைத்திருக்கும்.

கேட்க வேண்டியது வேறு. 2001-ல் 30 வருஷத்துக்குக் கொடுத்த குத்தகை 2031-ல் முடிகிறது. நீட்டிப்பார்களா, மறு ஏலமா, துறைமுகமே எடுத்து நடத்துமா என்ற முடிவை அதற்கு முன்பே எடுத்தாக வேண்டும். டோவரில் அரசு 2011-ல் செய்த மாதிரி, ஊராருக்கு நிலைத்த பங்கு இல்லாமல் ஒப்பந்தம் இல்லை என்று ஒரு விதியை அப்போது வைக்க முடியும். குழுவில் நாற்காலிகள், வருஷத்துக்கு ஒரு முறை பொதுவில் கணக்குப் படிப்பது, வரிசையில் நிற்கும் வண்டிக்கு மணிக்கு இவ்வளவு என்று முனையம் கொடுக்க வேண்டிய ஈடு. இன்றைக்குக் கன்டெய்னர் தாமதமானால் நாங்கள் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் கட்டுகிறோம். கேட் தாமதமானால் யாரும் எங்களுக்குக் கட்டுவதில்லை. இந்த மூன்றையும் இப்போதே எழுதிக் கேட்க ஆரம்பித்தால்தான் 2031-ல் யாராவது காதில் வாங்குவார்கள். எங்கள் தெருவிலிருந்து முதல் மனுவை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதை மாமாவிடம் சொன்னபோது காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தை என் முன்னால் வைத்தார். "யார் யாருக்கு சேர் கேக்கப் போற? எழுது."

எழுதினேன். காசிமேட்டு மீனவர். துறைமுகத் தொழிலாளி, நிரந்தரமும் ஒப்பந்தமும் தனித்தனியாக. டிரெய்லர் ஓட்டுநர். லாரிப் புகையில் குடியிருக்கும் ராயபுரம், திருவொற்றியூர்க்காரர்கள். சரக்கு அனுப்பும் சின்ன ஆலை.

மாமா தாளைத் தன் பக்கம் திருப்பி, விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார்.

"சின்ன ஆலைன்னா ஓனர்தானே வருவான்?" என்றார். "ஷூ தைக்கிற பொம்பளைங்கள எங்க எழுதியிருக்க?"